கவர்னர் ரூமில் வீசிய காற்று

நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. 1998 கத்திரி வெயிலில், பட்டப்பகலில், எனக்கு நடந்தது இது.

திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு பழைய பங்களா இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் மெட்ராஸ் கவர்னர் வந்தால் தங்குவதற்கென்று கட்டியது. அங்கே ஜீப் ஓட்டிய என் வீட்டுக்காரர் இளவரசன் தை மாதம் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். வாரிசு வேலையாக, பெருக்கித் துடைக்க என்னை எடுத்துக்கொண்டார்கள். அவர் போனதிலிருந்து எனக்கு அழுகையும் வரவில்லை, பசியும் தெரியவில்லை. மரக்கட்டை மாதிரி போய் வந்துகொண்டிருந்தேன்.

அந்த வாரம் என் நாலு வயது மகள் கவிநிலாவுக்கு அம்மை போட்டிருந்தது. உடம்பெல்லாம் எரிச்சல். மூன்று நாளாகப் பொட்டுத் தூக்கமில்லை. வீட்டில் விட ஆளில்லாமல் தூக்கிக்கொண்டே வேலைக்குப் போனேன். பங்களாவில் அன்று யாரும் தங்கவில்லை. கவர்னர் ரூமில் படுக்க வை, சுவர் கனம், குளிர்ச்சியா இருக்கும் என்றார் வாட்ச்மேன் சகாதேவன் அண்ணன்.

மதியம் இரண்டரைக்குக் கரண்ட் போனது. ஃபேன் நின்றது. குழந்தை முனகினாள். விசிற வேப்பிலைக் கொத்தை எடுத்தேன்.

கிறீச்...

மேலே மரம் உராயும் சத்தம். மறுபடியும் கிறீச்... ஒரே சீராக. காற்று வந்தது. குழந்தையின் நெற்றி முடி எழும்பி அடங்கியது.

ஜன்னல்கள் சாத்தியிருந்தன. அண்ணாந்து பார்த்தேன். நின்றுபோன ஃபேன். இரண்டு பக்கமும் துருப்பிடித்த கொக்கிகள். வேறொன்றும் இல்லை.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். ஆனால் அவள் தூங்கிவிட்டாள்.

நான் அசையவில்லை.

கொஞ்ச நேரத்தில் சத்தம் தளர்ந்தது... நின்றது. கவிநிலா புரண்டு அழுதாள்.

என் வாய் தானாகச் சொன்னது.

“நிறுத்தாதீங்க.”

கிறீச்...

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

பொழுது சாயும்போது கரண்ட் வந்தது. சத்தம் அடங்கியது. குழந்தை எழுந்து கஞ்சி கேட்டாள். காய்ச்சல் இல்லை.

சகாதேவன் அண்ணனிடம் சொன்னேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார். அந்தக் காலத்தில் அந்த ரூம் கூரையில் பெரிய துணி விசிறி தொங்குமாம். சுவருக்குப் பின்னால் தாழ்வாரத்தில் உட்கார்ந்து கருப்பன் என்பவன் கயிறு இழுப்பானாம். ஒரு கோடையில் கவர்னர் குழந்தைக்கு அம்மை. மாற்று ஆளில்லை. ராத்திரி பகலாக அவனே இழுத்தானாம்.

“அந்தப் புள்ள பொழச்சிக்கிச்சு, வேதா,” என்றார். “இவன்தான் ஒக்காந்தபடியே செத்துக் கெடந்தான். விரலைப் பிரிக்க முடியல. கயித்த அறுத்துத்தான் தூக்கினாங்களாம்.”