நானூறு ஜோடியும் ஒரு சாட்சியும்

சுந்தரியைப் பயந்தாங்கொள்ளி என்று நாங்களே கேலி செய்திருக்கிறோம். ஆம்பூர் ஷூ கம்பெனியில் பதினோரு வருடமாக என் பக்கத்து மிஷினில் தைக்கிறவள். சூப்பர்வைசர் இருமினாலே ஊசியை உடைத்துவிடுவாள்.

ஆனால் பாலாற்றில் திருட்டு மணல் டிராக்டரை மறித்த எங்கள் ஊர் அன்பரசனை, டிராக்டர் முதலாளி ஆதிகேசவன் இரும்புக் கம்பியால் அடித்ததை அவள் கண்ணால் பார்த்தாள். போலீசிலும் சொல்லிவிட்டாள். அன்பரசனுக்கு இன்றும் வலது கையைத் தூக்க வராது. அடித்தவனோ அடுத்த வருடமே கட்சியில் சீட்டு வாங்கி, கவுன்சிலராகி, எம்.எல்.ஏ. காரில் ஊர் சுற்றினான். இந்த வெட்கக்கேட்டை எங்கே போய்ச் சொல்ல?

வழக்கு இழுத்து இழுத்து, போன மாதம்தான் சாட்சி சொல்லச் சுந்தரிக்குச் சம்மன் வந்தது. ஆதிகேசவன் அவளை மிரட்டவில்லை. நேராக எங்கள் சூப்பர்வைசரிடம் பேசிவிட்டான்.

"ஷிப்மென்ட் இருக்கு, லீவு கெடையாது. மீறிப் போயி, அன்னிக்கு உங்க லைன்ல நானூறு ஜோடிக்கு ஒண்ணு கொறஞ்சாலும் அப்புறம் நீ வேலைக்கே வராத" என்றார் அவர், லீவு கேட்ட சுந்தரியிடம். சம்மனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி பாத்ரூம் போனால் பக்கத்தில் இருப்பவர்கள் அவள் பீஸையும் சேர்த்துத் தைப்போம். ஐந்து நிமிடத்துக்கான வழக்கம் அது.

"நாள் பூரா முடியுமாக்கா?" என்றாள் சுந்தரி.

"நீ போய்ட்டு வாடி. சும்மா பேஜார் பண்ணாத" என்றேன்.

கோர்ட்டு நாளன்று அவள் மிஷினுக்கு அந்தப் பக்கம் பில்கிஸ், இந்தப் பக்கம் நான். டீக்குக்கூட எழுந்திருக்கவில்லை. இடுப்பு விட்டுப்போனது. சாயங்காலம் எண்ணினால் நானூற்று இரண்டு ஜோடி. சூப்பர்வைசர் இரண்டு முறை எண்ணிவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டு போனார். சுந்தரியின் வேலையில் கை வைக்க அவருக்குக் காரணம் கிடைக்கவில்லை.

கம்பெனி வாசலில் அவள் எங்களுக்காகக் காத்திருந்தாள்.

"இன்னாடி ஆச்சு?" என்றாள் பில்கிஸ்.

"அவனோட வக்கீல் கேட்டாரு, 'இவரு மக்கள் ஓட்டுப் போட்டு ஜெயிச்சவரு, தெரியுமா?'ன்னு. 'தெரியும் சார், பயந்துக்கினு நானும்தான் போட்டேன். ஆனா அடிச்சது இவருதான்'னு கையக் காட்டிட்டேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்புறம்?"

"அடுத்த வாட்டி போட மாட்டேன்னும் சொன்னேன்க்கா. அத மட்டும் எழுதிக்க வேணாம்னு ஜட்ஜு சொல்லிட்டாரு."