மஞ்சள் கோட்டில் நின்றவர்கள்

நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் என் தம்பியின் வலது கையை வந்து பார்க்கலாம். முழங்கைக்குக் கீழே வரிசையாகத் திருகாணி முடுக்கியிருக்கிறார்கள். கதை விடுவதற்காக யாரும் கையில் இரும்பு ஏற்றிக்கொள்ள மாட்டார்கள். தினமும் மாலை ஆறு மணிக்கு முன்னால் எங்கள் வீட்டுக் கதவை நான் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொள்கிறேன். அதற்கும் காரணம் இருக்கிறது. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ரகம். நாள் முழுக்க மனிதர்களுக்குள் இருப்பதைத்தான் பார்க்கிறேன். எலும்பு, சளி, குழந்தை முழுங்கின ஊக்கு. அதற்கு மேல் உள்ளே ஒன்றும் கிடையாது என்று வாய் கூசாமல் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது சொல்வதில்லை.

என் வேலையில் பேச்சு குறைவு. "மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க." படம் விழுந்ததும், "ம்... மூச்சு விடுங்க." அவ்வளவுதான். வருகிறவர் மந்திரியானாலும் மாடு மேய்ப்பவரானாலும் இதே பாட்டுத்தான். தூக்கத்தில்கூட இதைச் சொல்கிறேன் என்று தம்பி கேலி செய்வான். அவனுக்கு நான் 'எலும்புக்காரி'. அவன் சலூன் வைத்திருக்கிறான். கத்தரி பிடித்தால் அவன் வலது கை தனியாக ஒரு ஆள் மாதிரி வேலை செய்யும். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது பாதிக்கு மேல் அந்தக் கையால்தான்.

நான் புதுக் கேமரா வாங்கியிருந்தேன். எப்போதும் தோளில் அதுதான். "அக்காவுக்கு மாப்பிள்ளை கெடச்சாச்சு" என்று சலூனில் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லி வைத்தான் பாவி. பூவும் பூனையும் எடுக்க எனக்குப் பிடிக்கவில்லை. புகைக்கூண்டு, துருப்பிடித்த படிக்கட்டு, பாலத்துக்கு அடியில் தேங்கிய எண்ணெய், கண்ணாடி உடைந்த கிடங்கு. இவைதான் எனக்கு அழகாகத் தெரிந்தன.

"ஏன்க்கா எல்லாம் செத்துப்போனதாவே எடுக்கற?" என்றான் ஒரு நாள்.

"செத்தது ஆடாதுடா. கத்துக்கறவளுக்கு அதான் வசதி."

இப்படித்தான் அந்தக் கம்பி மில்லுக்குப் போனோம். ஊருக்கு வெளியே மூடிக்கிடக்கிற மில். பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி இழுத்த இடம். அங்கே வாட்ச்மேனாக இருந்தவர் தம்பியிடம் முடி வெட்டிக்கொள்கிறவர். கேட்டதும் கேட்டைத் திறந்துவிட்டார். ஒல்லியான ஆள். கண்ணுக்குக் கீழே கறுப்புக் கறுப்பாகப் பை. தூங்கிப் பல வருஷம் ஆனவர் போல இருந்தார்.

"படம் எடுக்கற இடம் ஒண்ணு சொல்றேன்" என்றார். "கிரேனுக்குக் கீழ தரையில மஞ்சள் கோடு இருக்கும். அதுல தம்பிய நிறுத்தி எடுங்க. ஆறு மணிக்கு வெளிச்சம் நேரா அங்கதான் விழும்."

வாட்ச்மேனுக்கு இவ்வளவு விவரமா என்று மெச்சிக்கொண்டே உள்ளே போனேன்.

பெரிய கொட்டகை. தலைக்கு மேலே கிரேன், அதிலிருந்து தொங்கும் சங்கிலி, மனிதத் தலை அளவுக்கு ஒரு கொக்கி. எல்லாவற்றிலும் விரல் பருமனுக்குத் தூசி. மஞ்சள் கோட்டில் மட்டும் தூசியே இல்லை. இப்போதுதான் பெருக்கின மாதிரி பளிச்சென்று இருந்தது. உலைச் சுவரில் கை வைத்தேன். வெதுவெதுப்பு. பகல் வெயில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் ஜன்னலே கிடையாது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

"வியர்வை நாத்தம் அடிக்குதுல்ல?" என்றான் தம்பி.

"உன்னோடதுதான்."

"நான் குளிச்சிட்டு வந்தேன்க்கா."

அன்று நான் பழக நினைத்தது ஒன்றே ஒன்று. இருட்டான இடத்தில் ஷட்டரை இருபது விநாடி திறந்து வைத்து எடுப்பது. கேமரா ஸ்டாண்டில் நிற்க வேண்டும். எதிரே இருப்பது அசையாமல் இருந்தால் கூர்மையாக விழும். அசைந்தால் புகை மாதிரி கலங்கிவிடும். உயிருள்ள மனிதன் இருபது விநாடி நின்றால் மூச்சிலேயே கொஞ்சம் கலங்குவான். ஆள் கொஞ்சம் கலங்கினால் படத்துக்கு அதுவே அழகு என்று எங்கோ பார்த்திருந்தேன்.

தம்பியைக் கோட்டில் நிறுத்தினேன். கேமராத் திரையில் முகம் தெரிந்தால் அதைச் சுற்றி ஒரு வெள்ளைக் கட்டம் வரும். தம்பி முகத்தில் கட்டம் வந்தது.

அவனுக்கு இடப்பக்கம் இன்னொரு கட்டம் வந்தது. அங்கே வெறும் சுவர்.

வலப்பக்கம் ஒன்று. அதற்கும் பக்கத்தில் ஒன்று. எல்லாம் ஆள் உயரத்தில், ஒரே வரிசையில்.

விஷயம் தெரிந்தவன் அப்போதே ஓடியிருப்பான். நான் கற்றுக்குட்டி. ஏதோ பட்டனைத் தப்பாக அழுத்திவிட்டேன் என்று என் மேல்தான் எரிச்சல் வந்தது. மெனுவைத் தேடி, முகம் காட்டும் வசதியையே அணைத்துவிட்டேன். கட்டங்கள் போய்விட்டன. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்.

கேமராக் கடிகாரம் சரியாக 6:00 காட்டியது.

"மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

தம்பி சிரித்தான். "இருபது செகண்டா? ஆளைக் கொல்லப் பாக்கறியா?"

ஷட்டர் திறந்தது. எங்கும் சத்தமில்லை. வெளியே கத்திக்கொண்டிருந்த காக்கைகூட நிறுத்திவிட்டது. தம்பி மூக்கைச் சொறிந்தான், காலை மாற்றினான். அவனால் சும்மா நிற்க முடியாது, பிறவிக் குணம்.

டக். ஷட்டர் மூடியது.

"ம்... மூச்சு விடுங்க."

ஹா...

அது தம்பி விட்ட மூச்சு இல்லை. அவன் வாய் மூடியிருந்தது.

ஹா... ஹா... ஹாஆ...

கோடு நெடுக. வெகுகாலம் அடக்கி வைத்த மூச்சு. சூடாக என் முகத்தில் வந்து அடித்தது. துரு நாற்றம்.

"டேய், வா இங்க" என்றேன்.

"அக்கா..." அவன் முகம் வெளுத்துவிட்டது. "யாரோ கையப் பிடிச்சிருக்காங்க."

அவன் வலது கை பக்கவாட்டில் நீண்டது. அவன் நீட்டவில்லை. சட்டைக்கை சுருங்கியது. சதை உள்ளே அமுங்கியது. பிடித்திருப்பவர் யாரும் இல்லை.

மேலே சங்கிலி.

கற... கற...

தம்பி திமிறினான். காலால் உதைத்தான். அவன் தலை பின்னால் இழுபட்டது. கொத்து முடி பிடுங்கிக்கொண்டு காற்றில் நின்றது.

மடக்.

ஒடிந்த எலும்பை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஒடிகிற சத்தத்தை அன்றுதான் கேட்டேன்.

அவன் அலறினான். எனக்குப் பயம் போய் வெறி வந்தது. கேமராவோடு சேர்த்து ஸ்டாண்டைத் தூக்கினேன். அவனுக்குப் பக்கத்தில் இருந்த வெறும் காற்றில் ஓங்கி அடித்தேன்.

பட்டது.

சத்தியமாகப் பட்டது. மாமிசத்தில் அடித்த மாதிரி பொத்தென்று.

மறுபடி அடித்தேன். மறுபடி. "விடுடா... என் தம்பிய விடு..."

வாயில் ஒரு குத்து விழுந்தது. முன்பல் உடைந்து நாக்கில் உருண்டது. கீழே விழுந்தேன். எழுந்தேன். அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு என் முழு எடையையும் போட்டு இழுத்தேன்.

கற... கற... கறகற...

இழுத்தேன்.

விட்டது.

இருவரும் பின்னால் போய் விழுந்தோம்.

கொக்கி இறங்கியது. அவன் நின்ற இடத்தில். தரை பிளந்து சிமெண்டுச் சில்லு கன்னத்தைக் கிழித்தது.

ஒரு கையில் ஸ்டாண்டும் மறு கையில் அவனுமாக எப்படி ஓடினேன் என்று தெரியாது. கேட்டுக்கு வந்தால் வெளியே கொண்டி போட்டிருந்தது. கம்பி இடுக்கு வழியாகப் பார்த்தேன். வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் ஸ்டாண்டால் கேட்டை அடித்த பிறகுதான் எழுந்தார். திறந்தார். ரத்தம் வழிகிற தம்பியை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"ரெண்டு பேருமே வந்துட்டீங்களா" என்றார்.

அப்போது அதை யோசிக்க நேரமில்லை.

எக்ஸ்ரேவை நானே எடுத்தேன். "அசையாதே" என்று சொல்ல நாக்கு எழவில்லை. முன்கையில் இரண்டு எலும்பு. இரண்டும் நொறுங்கியிருந்தன. ஒரு பக்கம் பக்கத்தில் பக்கத்தில் நாலு இடம். எதிர்ப்பக்கம் ஒரே ஒரு இடம், கட்டைவிரல் படுகிற இடத்தில்.

எலும்பு டாக்டர் படத்தை விளக்கில் வைத்துப் பார்த்தார்.

"மெஷின்ல மாட்டினதா சொன்னீங்க?"

"ஆமா டாக்டர்."

"எந்த மெஷினுக்கும்மா விரல் இருக்கு?"

இனி கத்தரி பிடிக்க முடியுமா என்று மட்டும் கேட்டேன். அவர் விளக்கை அணைத்துவிட்டுப் படத்தை உறைக்குள் போட்டார்.

மூன்றாம் நாள் வாட்ச்மேன் வந்தார். ஆள் அடையாளமே தெரியவில்லை. முகம் தெளிந்திருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த பை வற்றியிருந்தது. தம்பி மருந்து மயக்கத்தில் இருந்தான்.

"அந்தப் படத்தைக் காட்டுங்க" என்றார். விசாரிப்பு ஒன்றும் இல்லை.

கேமராக் கண்ணாடி உடைந்திருந்தது, திரை வேலை செய்தது. நானும் அதுவரை பார்க்கவில்லை, பார்க்கத் துணிவில்லை. திறந்தேன்.

நடுவில் தம்பி, புகை மாதிரி கலங்கி. அவனுக்கு இரண்டு பக்கமும் வரிசையாக ஆறு பேர். காக்கிச் சட்டை, தோளில் துண்டு. கத்தி முனை மாதிரி அவ்வளவு கூர்மை. இருபது விநாடியில் ஒருவர்கூட இமைக்கவில்லை. ஆறு பேரும் என்னைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாட்ச்மேன் விரலால் தம்பி நின்ற இடத்தைத் தொட்டார்.

"இது என் இடம்ங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே சொன்னார்.

"நாங்க ஏழு பேர். முதலாளி விளம்பரத்துக்குப் படம் எடுக்க ஆள் கூட்டிட்டு வந்தாரு. எங்கள நிறுத்தறதுக்குன்னே அந்த மஞ்சள் கோட்டப் போட்டாங்க. மேல கிரேன்ல இரும்புக்கட்டி. சாயங்காலம் சங்கு ஊதற நேரம். படம்காரர் மூச்சப் பிடிச்சு அசையாம நில்லுங்கன்னாரு. அசைஞ்சா வேலை போயிடும்னாரு முதலாளி. சங்கிலி கறகறன்னுச்சு. எல்லாருக்கும் கேட்டுது. அவங்க நின்னாங்க. நான் ஓடிட்டேன்."

"அப்புறம்?"

"அள்ளிதான் எடுத்தாங்க. படமும் எடுக்கல. முடிஞ்சுது, மூச்சு விடலாம்னு அவங்களுக்குச் சொல்ல ஆளும் இல்ல."

அவர் குரல் தாழ்ந்தது. "அன்னிலேருந்து தினம் ஆறு மணிக்கு எனக்கு மட்டும் சங்கு கேக்கும். மில்ல மூடினப்புறமும் கேட்டுது. வரிசைக்கு வான்னு கூப்பிடறாங்க. ஒரு ஆள் குறையுதாம்."

"அதனாலதான் கோட்டுல நிறுத்தச் சொன்னியா?"

தலையை ஆட்டினார். "மூணு நாளா கேக்கலம்மா. நல்லாத் தூங்கினேன்."

ஓங்கி ஒரு அறை விட்டேன். அதற்காகக் காத்திருந்தவர் போல வாங்கிக்கொண்டார். தம்பி பக்கம் திரும்பிக் கும்பிட்டார். வேகமாக நடந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே இருட்டத் தொடங்கியது. தம்பி கண் திறந்தான்.

"அக்கா."

"என்னடா? வலிக்குதா?"

"இல்ல. பக்கத்துல மில்லு ஏதாவது இருக்கா?"

"இல்லியே."

அவன் இடது கையை ஊன்றிக் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தான்.

"சங்கு ஊதுதே" என்றான்.