பட்டை உருவிய ஜீப்

எங்கள் வீட்டில் ஒரு வண்டிக்கு மதிப்பு அது தூக்கும் பாரத்தை வைத்துத்தான். மல்லசமுத்திரம் பக்கம் எங்களுக்குக் குச்சிக்கிழங்குக் காடு இருந்தாலும் அப்பாவின் உயிர் முழுக்க லாரியில்தான் இருந்தது. கல்யாண மண்டப வாசலில் யாருடைய புதுக் காரையாவது பார்த்தால், "நல்லாத்தான் இருக்குது, என்ன தூக்கும்?" என்பார். கார்க்காரர் முகம் சுருங்கிப் போகும். அப்பாவுக்கு அது உறைக்கவே உறைக்காது.

அப்படிப்பட்டவரிடம் ஒரு பழைய ஜீப் வந்து மாட்டியது. பக்கத்துக் காட்டை நாங்கள் வாங்கியபோது அதிலிருந்த கொட்டகையும் சேர்ந்து வந்தது, கொட்டகைக்குள் இது நின்றது. சீட்டில் கோழி அடைகாத்துக் கொண்டிருந்தது. ஆடி கழிந்ததும் காயலான் கடைக்காரரை வரச்சொல்லித் தள்ளிவிட்டால் லாரி நிறுத்த இடமாகும் என்றார் அப்பா. எனக்கு வேண்டும் என்றேன் நான். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, கோழி எங்கே போகும் என்று மட்டும் கேட்டாள்.

நான் ஒன்றும் திடீரென்று ஆசைப்படவில்லை. அப்பாவின் லாரி வீட்டுக்கு வரும் நாளெல்லாம் நான் அதன் அடியில்தான் கிடப்பேன். யாரும் கூப்பிட்டுச் சொல்லித் தரவில்லை. போ உள்ளே என்று விரட்டத்தான் செய்தார்கள். விரட்ட விரட்டப் போய்ப் படுப்பேன். கிரீஸ் அடிப்பேன், எதையாவது கழற்றிப் பார்ப்பேன், திரும்ப மாட்டத் தெரியாமல் முழிப்பேன், அப்புறம் எப்படியோ மாட்டிவிடுவேன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே லாரிச் சக்கரத்தின் நட்டைத் தளர்த்துவேன். கையில் பலம் பத்தாது. அதனால் ஸ்பானரில் பைப்பைச் செருகி, அதன் மேல் ஏறி நின்று குதிப்பேன். நட்டு 'க்ரீச்' என்று இளகும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, பரீட்சையில் முதல் மார்க் வாங்கினாலும் வராது. வாங்கினதும் இல்லை, அது வேறு விஷயம்.

வெண்ணந்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் கைவிட்ட கல்குவாரி ஒன்று உண்டு. வருடத்தில் ஒருநாள் அங்கே ஜீப்காரர்கள் கூடி, பாறையும் சேறுமான ஒரு பெரிய குழியில் வண்டியை இறக்கி ஏற்றுவார்கள். நான் லைசென்ஸ் வாங்கியிருந்த வருடம் அது. அங்கே போகிறேன் என்றதும் அப்பா மீசையைத் தடவிக்கொண்டார்.

"அந்தக் குழியத் தாண்டீட்டீன்னா வண்டிய நீயே வெச்சுக்க அம்மிணி. நான் சங்கிலி போட்டு இழுக்கற மாதிரி ஆச்சுன்னா, அங்கிருந்து நேரா காயலான் கடைக்குத்தான்."

சரிங்கப்பா என்று சொல்லிவிட்டேன். வாய் எனக்கு எப்போதும் கைக்கு முன்னால் போகும்.

கழற்றித் துடைத்து மாட்டியதும் இன்ஜின் சாதுவாக ஓடியது. வண்டிதான் தாழ்வு, பாறையில் வயிறு தட்டும். உயர்த்தியாக வேண்டும். எங்கள் பக்கம் வண்டியை உயர்த்துவதென்றால் எல்லோருக்கும் தெரிந்தது ஒரே வழிதான், பட்டை சேர்ப்பது. வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றோடு ஒன்று அடுக்கிக் கட்டியதுதான் ஸ்பிரிங். லாரி பாரம் தாங்காமல் உட்கார்ந்தால் இன்னும் இரண்டு பட்டையைச் செருகுவார்கள், நிமிர்ந்துகொள்ளும். லாரியும் போர் போடுகிற ரிக் வண்டியுமாகப் பிழைக்கிற ஊரில் இதில் யாருக்கும் சந்தேகமே கிடையாது. எனக்கும் இல்லை. பட்டறையில் சொல்லி நான்கு பக்கமும் பட்டை சேர்த்துக் கட்டினேன். ஜீப் கொக்கு மாதிரி நிமிர்ந்து நின்றது. அதன் முன்னால் நின்று போட்டோவெல்லாம் எடுத்துக்கொண்டேன்.

அம்மாவை முதல் ஆளாகச் சந்தைக்கு ஏற்றிப் போனேன். ஒவ்வொரு மேட்டிலும் முதுகெலும்பு மண்டைக்குள் ஏறி இறங்கியது. திரும்பும்போது அம்மா பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "நான் டவுன் பஸ்ஸுல வாரேன், நீ போ சாமி" என்று சொல்லிவிட்டாள். அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை, கோபம்தான் வந்தது.

அடுத்து எங்கள் காட்டுக்குப் பின்னால் இருக்கிற ஓடையில் இறக்கிப் பார்த்தேன். முன்சக்கரம் ஒன்று பள்ளத்தில் இறங்கியது. அவ்வளவுதான், எதிர்மூலைப் பின்சக்கரம் அந்தரத்தில் எழும்பிக்கொண்டு சும்மா சுற்றியது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க மண்தான் பறந்தது. இறங்கி டயரை ஓங்கி உதைத்தேன், கால்தான் வீங்கியது. அப்பா டிராக்டரும் சங்கிலியுமாக வந்து இழுத்துவிட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை. சங்கிலியைத்தான் சுருட்டினார். குவாரியில் நடக்கப்போவது இதுதான் என்று அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுதேன்.

ஆனால் அப்பா வருவதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்திருந்தேன். அந்தரத்தில் தொங்கிய சக்கரத்தின் ஸ்பிரிங் துளிகூட அசையவில்லை. லாரியில் கல்லோ நெல்லோ ஏறி அழுத்தும், பட்டை வளைந்து கொடுக்கும். என் ஜீப்பில் என்ன ஏறியிருந்தது? நானும் ஒரு தண்ணீர் பாட்டிலும். பட்டை எதற்கு வளையும்? சக்கரம் பள்ளத்தைத் தேடி இறங்க வேண்டுமென்றால் ஸ்பிரிங் இளகவேண்டும், நானோ அதை இறுக்கி வைத்திருந்தேன். பாரமே இல்லாத வண்டிக்குப் பாரம் தூக்கும் கட்டு. சுத்தமாக அப்பாவின் மகளாக யோசித்திருந்தேன்.

மறுநாள் பட்டறைக்குப் போய், சேர்த்த பட்டையெல்லாம் வேண்டாம், பழசிலும் ஒன்றிரண்டை உருவிவிடுகிறேன் என்றேன். பட்டறைக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"பட்டய உருவுனா வண்டி ஒக்காந்துக்குமுங்க அம்மிணி."

உயரம் பட்டையால் வரப்போவதில்லை என்று விளக்கினேன். இந்த ஜீப்பில் ஸ்பிரிங் அச்சுக்கு அடியில் ஓடுகிறது. அதைத் தூக்கி அச்சுக்கு மேலே உட்கார வைத்தால் அந்த அளவுக்கு வண்டி தானாகவே எழும்பும், ஸ்பிரிங்கும் இளக்கமாகவே இருக்கும். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வெல்டிங் மிஷினையும் கொடுத்தார். கொடுத்த கையோடு போய் ஊரெல்லாம் சொல்லியும் வைத்தார். உயரம் ஏற்றப் பட்டையைக் கழட்டறாளாமா என்று டீக்கடையில் அப்பாவைப் பிடித்துச் சிரித்திருக்கிறார்கள். அப்பா வீட்டுக்கு வந்து, நெசமா என்று மட்டும் கேட்டார். ஆமாங்கப்பா என்றேன். சோறு போடச் சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

அச்சின் மேல் ஸ்பிரிங் உட்கார இரும்பு இருக்கைகள் பற்றவைக்க வேண்டும். என் முதல் வெல்டிங் காக்கா எச்சம் மாதிரி இருந்தது. நானே சுத்தியலால் தட்டி உதிர்த்துவிட்டு, ஒட்டுகிற வரைக்கும் திரும்பத் திரும்ப அடித்தேன். வண்டி எழும்பியதும் பிரேக் ஹோஸ் எட்டவில்லை, நீளமானது தேடிப் போட்டேன். இன்ஜினிலிருந்து பின்னச்சுக்குப் போகிற தண்டு கோணல் மாறி அதிர்ந்தது. அச்சைக் கொஞ்சம் திருப்பி மறுபடி பற்றவைத்தேன். கையெல்லாம் தீப்பொறித் தழும்பு. அம்மா தேங்காயெண்ணெய் தடவிவிடுவாள், தடவிக்கொண்டே திட்டுவாள்.

எல்லாம் மாட்டி முடிந்ததும் கொட்டகையோரம் கிடந்த பழைய ஆட்டுக்கல்லின் மேல் ஒரு முன்சக்கரத்தை ஏற்றி நிறுத்தினேன். இறங்கிச் சுற்றி வந்து பார்த்தேன். வண்டி சாய்ந்து நின்றது. மற்ற மூன்று சக்கரமும் தரையில் ஒட்டியிருந்தன! நான் போட்ட கூச்சலில் கோழியெல்லாம் வேலியேறிக் குதித்தன.

குவாரி நாள் வந்தது. பளபளவென்று புது ஜீப்புகள், முன்னால் கம்பி சுற்றி இழுக்கிற விஞ்ச் கட்டியவை, மாடியளவு டயர் போட்டவை. என்னுடையதைப் பார்த்து இரண்டு பேர் செல்போனில் படம் எடுத்தார்கள், பாராட்ட அல்ல. அப்பா வந்திருந்தார். தோளில் சங்கிலி. குழிக்கு நேராக மேட்டில் போய் நின்றுகொண்டார்.

குழியில் பாறையும் பாறைக்கு நடுவே சேறுமாக இருந்தது. நான் முதல் கியரில் இறங்கினேன். முன்சக்கரம் தொப்பென்று விழுந்தது. ஓடை ஞாபகம் வந்து மூச்சை அடக்கிக்கொண்டேன். பின்சக்கரம் எழும்பவில்லை. கீழே இறங்கி, தரையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. சீட்டில் உட்கார்ந்தபடியே அதை உணர்ந்தேன். வண்டி இப்படிச் சாய்ந்தது, அப்படிச் சாய்ந்தது, நான்கு காலும் தரையை விடவே இல்லை. ஆக்ஸிலரேட்டரை அவசரப்படுத்தாமல் எருமை ஏறுகிற மாதிரி மெதுவாக ஏறி அந்தப் பக்கக் கரையில் நின்றேன். ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டேன், வெட்கமே இல்லாமல்.

எனக்குப் பின்னால் இறங்கிய பெரிய புது ஜீப் நடுச்சேற்றில் உட்கார்ந்துவிட்டது. விஞ்ச் இருந்து என்ன செய்ய, கம்பி கட்ட அங்கே ஒரு மரம்கூட இல்லை. அதன் சொந்தக்காரர் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு அக்கம்பக்கம் பார்த்தார். அப்பா மேட்டிலிருந்து இறங்கி வந்தார். சங்கிலியின் ஒரு முனையை அந்த ஜீப்பில் மாட்டினார். மறுமுனையை எடுத்துக்கொண்டு கரையேறி நேராக என்னிடம் வந்தார். என் வண்டியின் பின்கொக்கியில் தன் கையாலேயே மாட்டி, இரண்டு தடவை இழுத்துச் சரிபார்த்தார்.

"இழு சாமி. பைய இழு."

இழுத்தேன். சங்கிலி விறைத்தது, பின்பக்கம் சற்று அமுங்கியது, டயர் கடித்துப் பிடித்தது. என்னுடையதைவிட இரண்டு மடங்கு கனமான வண்டி சேற்றிலிருந்து பிய்த்துக்கொண்டு மேலே வந்தது. சுற்றி நின்றவர்கள் விசிலடித்தார்கள். நான் கண்ணாடியில் அப்பாவை மட்டும்தான் பார்த்தேன். பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரிடம், அவர் கேட்காமலேயே, "எம்பட பொண்ணு. பட்டய உருவீட்டுக் கட்டியிருக்கறா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது சங்கிலியைக் கழற்றிச் சேற்றைத் துடைத்தார். அதை அவர் தோளில் போட்டுக்கொள்ளவில்லை. என் ஜீப்பின் பின்சீட்டுக்கு அடியில் சுருட்டி வைத்துவிட்டு, முன்னால் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, போலாம் என்றார்.