'சார்' என்ற சொல்லுக்கு ஒரு புகார்

என்னை 'சார்' என்று கூப்பிட்டதற்காக ஒரு மனிதர்மேல் புகார் எழுதினேன். அதன் கார்பன் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. 'மேலோரை அவமதித்தல்' என்று அதில் எழுதியிருக்கிறேன். அழகான கையெழுத்து. வெட்கங்கெட்ட கையெழுத்து.

ஐம்பதுகளில் திண்டுக்கல்லில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். எனக்கு இருபத்து நான்கு வயது. சேரியிலிருந்து வந்த எங்கள் டவாலிக்கு, அலுவலகச் சேவகருக்கு, ஐம்பது இருக்கும். குமாஸ்தாக்கள் ஒருவரையொருவர் 'சார்' என்போம். அவர் எங்களை 'சாமி' என்பார். நாங்கள் அவரை 'ஏலே' என்போம். இதை யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைத்த விதிகளைத் தினமும் மீறிய எங்கள் அலுவலகம் இதை மட்டும் ஒரு நாளும் மீறியதில்லை. மாலையில் சமத்துவம் பேசும் மேடைத் தமிழுக்கு 'ஆகா' போட்டுவிட்டு, காலையில் அதே வாயால் 'ஏலே, ஃபைல் கட்ட எடுத்துட்டு வா' என்போம்.

ஒரு நாள் அவர் என் மேசையருகே வந்து, "சார், ஆபீசர் கூப்புடுறாரு" என்றார்.

"யாருலே சொல்லிக் குடுத்தா?"

"எம் மக. பத்தாவது படிக்குது. எல்லாரும் சார்ங்கையில நீ மட்டும் ஏம்ப்பா சாமிங்கிறேன்னு கேட்டுச்சு." அவர் குரலில் பெருமை இருந்தது.

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். "நாளைக்கு நாற்காலி கேப்பான், பாருங்க சார்."

நான் புகார் எழுத அந்தச் சிரிப்பு போதுமானதாக இருந்தது. ஒரு சொல் இடம் மாறினால் நான் உட்கார்ந்திருக்கும் இடமும் ஆடும் என்று புரிந்துகொள்ளத்தான் நான் வாங்கிய பட்டம் உதவியது. அவரை மலைமேல் இருந்த ஓர் அலுவலகத்துக்கு மாற்றினார்கள். தாயில்லாத பெண்ணும் கூடப் போனாள். அங்கே உயர்நிலைப் பள்ளி இல்லை. படிப்பு நின்றது.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, அந்தப் புகார் பொய் என்று மேலிடத்துக்கு எழுதினேன். கோப்பு முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. நகலை எடுத்துக்கொண்டு, ஓய்வுபெற்று ரெட்டியார்சத்திரத்தில் இருந்த அவரிடம் போனேன்.

"மன்னிச்சிருங்க ஐயா" என்றேன்.

"ஒக்காருங்க சாமி" என்றார்.

"சார்னே கூப்பிடுங்க." மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் எனக்கு ஒரு பட்டம் வேண்டியிருந்தது.

"ஏலாது சாமி. அந்த ஒரு வார்த்தைக்கு எம் மக படிப்பு போச்சு."

காப்பி கொண்டுவந்த மகள், நகலை நின்றபடியே கடைசி வரி வரை வாசித்தார். பிறகு அதை நிதானமாக என் முன் வைத்து, அதன்மேல் டம்ளரை வைத்தார்.

"சாமியும் வேணாம், சாரும் வேணாம்ப்பா. இவருக்குப் பேரு இருக்கு."

மகளே என் பெயரைச் சொன்னார், முன்னும் பின்னும் ஒன்றும் சேர்க்காமல். "காப்பியக் குடிச்சிட்டுக் கெளம்புங்க."

குடித்தேன். தாளை அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. இப்போது எடுத்துப் பார்த்தாலும் என் கையெழுத்தின்மேல் அந்த டம்ளரின் வட்டக் கறை இருக்கிறது.