பன்னிரண்டு மணிக்கு முன் ஒரு பூசணிக்காய்

தனலெட்சுமி இதுவரை நூற்று அறுபத்து மூன்று பிணங்களுக்குத் திருஷ்டி கழித்திருக்கிறாள். பதற வேண்டாம், எல்லாம் நடிப்புப் பிணங்கள். 'பிரிவு பதினேழு' என்ற துப்பறியும் நாடகம் பதினொரு சீசனாகத் தொலைக்காட்சியில் ஓடுகிறது. கொலை விழாமல் அதற்கு ஒரு வாரமும் பொழுது விடியாது. செத்தவராக யார் நடித்தாலும், காட்சி முடிந்ததும் எழுந்து கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிக்க வேண்டும். அப்புறம் தனலெட்சுமி கல்லுப்பையும் காய்ந்த மிளகாயையும் கையில் எடுத்து, தலையைச் சுற்றி, மூன்று முறை துப்பச் சொல்லி, வாசலில் கரி மூட்டிய தகர டின்னில் போடுவாள். அது ஆகாமல் ஒருவரும் மேக்கப்பைக் கலைக்க மாட்டார்கள். காலையிலிருந்து கைரேகை, இரத்தப் பரிசோதனை என்று அறிவியல் பேசுகிற கூட்டம்தான், உப்பு வெடிக்கிற சத்தம் கேட்டால்தான் வீட்டுக்குப் போகும்.

அவளுடைய உண்மையான வேலை சமையல். கணவன் நாகையா போர்ட் கிள்ளானில் கொள்கலன் லோரி ஓட்டியவன். ஒரு நாள் லோரியோடு போனவன், லோரியை மட்டும் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பினான். அதன்பிறகு அவள் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடை வாசலில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் விற்றாள். மாடியில் நாடகத் தயாரிப்பாளர் கோபாலனின் அலுவலகம். அவர் ஒரு நாள் இறங்கி வந்து, "முப்பது பேருக்கு மத்தியானச் சோறு போட முடியுமா?" என்று கேட்டார். எட்டுப் பேருக்கு மேல் சமைத்தே அறியாதவள் "முடியும்" என்று சொல்லிவிட்டாள். முதல் நாள் சோறு குழைந்தது, கோபாலன் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். அந்த இரண்டாம் தடவையை அவள் இன்றுவரை மறக்கவில்லை.

ஸ்ரீ கெம்பாங்கானில் மரச்சாமான் தொழிற்சாலைகளுக்கு நடுவே ஒரு பழைய கிடங்கு. போலீஸ் நிலையம், லாக்கப், பிண அறை எல்லாம் அதற்குள்தான். போலீஸ் நிலையப் பலகையைப் பார்த்து ஏமாந்து, மோட்டார் சைக்கிள் களவு போய்விட்டதென்று புகார் கொடுக்க வந்தவர்களும் உண்டு. தனலெட்சுமி அவர்களுக்கு ஒரு டீ கொடுத்து, நிஜ நிலையத்துக்கு வழி சொல்லி அனுப்புவாள்.

அந்தக் கிடங்கில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. சீசன் தொடங்கினாலும் முடிந்தாலும் எலுமிச்சம்பழம் நறுக்கிப் போடுவார்கள், அவ்வளவுதான். பூசணிக்காய் உடைப்பது ஒரே ஒரு தடவை, நாடகமே முடிந்து எல்லாரும் கலையும் நாளில். அதனால் பதினொரு ஆண்டுகளாக அந்த வாசலுக்குள் பூசணிக்காய் வந்ததே இல்லை. சாம்பாரில் போடக்கூட அவள் வாங்கியதில்லை.

புதன்கிழமை மத்தியானம் அண்டா கழுவிக்கொண்டிருந்தபோது கோபாலன் பின்கட்டுக்கு வந்தார். அவர் அங்கே வருகிற ஆள் இல்லை.

"தனம், நாளைக்கு வரும்போது ஒரு வெள்ளப் பூசணிக்கா வாங்கிட்டு வந்துடு."

அவள் கையிலிருந்த தேங்காய் நாரைக் கீழே வைத்தாள். "முடிஞ்சிருச்சா பாஸ்?"

"தெரியல. நாளைக்கு நாலு மணிக்குச் சொல்றோம்னு சேனல்ல சொல்லியிருக்காங்க. புது மேனேஜ்மென்ட், அவங்க மனசுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும். சரின்னு சொன்னா நீ அதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் கொழம்பு வெச்சுக்க. இல்லன்னா வாசல்ல உடைச்சிருவோம். அந்நேரத்துக்கு பாசார்ல போய்த் தேட முடியாதுல்ல."

"நம்ம பசங்களுக்குத் தெரியுமா?"

"அடுத்த சீசன் கன்ஃபர்ம்னு சொல்லி வெச்சிருக்கேன். நீ வாயத் தொறந்துறாத. காயப் பார்த்தானுங்கன்னா ஆளுக்கொரு பக்கம் ஓடிருவானுங்க. அப்புறம் சேனல் சரின்னு சொன்னா, யாரை வெச்சு நான் எடுக்கிறது?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆள் சிதறிப்போனால் நாடகம் தானாகவே செத்துவிடும். "சொல்ல மாட்டேன் பாஸ்" என்றாள்.

வியாழக்கிழமை விடிந்ததும் கிள்ளான் காய்கறிப் பாசாரில் ஐந்து கிலோ எடையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். அவளுடைய பழைய வேனில் அரிசி மூட்டைக்குப் பின்னால் சாக்கைப் போட்டு மூடினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று ஊரில் சொல்வார்களே, அந்த வேலையைத் தன் கையாலேயே செய்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றுதான் சீசனின் கடைசிப் படப்பிடிப்பு. இன்ஸ்பெக்டராக நடிக்கும் விமலன் லாக்கப் வாசலில் சுடப்பட்டு விழுகிறார். அந்தக் காட்சியை இரண்டு விதமாக எடுப்பதாக இருந்தது. ஒன்றில் கடைசியில் கண் திறப்பார், இன்னொன்றில் திறக்க மாட்டார். ரசிகர்களைக் குழப்புவதற்காக என்று கோபாலன் எல்லாரிடமும் சொல்லியிருந்தார். அவர் யாருக்காக இரண்டு முடிவு எடுக்கிறார் என்று தனலெட்சுமிக்கு மட்டும் தெரியும்.

ஒன்பதரைக்கு டீ ஊற்றும்போது லைட்மேன் கன்னையா வந்து நின்றான். ஐம்பத்திரண்டு வயது. முதல் நாளிலிருந்து இருக்கிறவன். அவள் குழைத்த சோற்றைக் கிண்டல் செய்து, அதையும் வழித்துத் தின்றவன்.

"அக்கா, ரவாங்ல ஒரு கல்யாண மண்டபம். லைட்டு, சவுண்டு எல்லாத்துக்கும் பொறுப்பா ஆள் தேடுறாங்க. மாசச் சம்பளம், இபிஎஃப் சேமநிதி, மெடிக்கல் கார்டு எல்லாம் இருக்கு. பன்னெண்டு மணிக்குள்ள பதில் சொல்லணுமாம். வேற ஒருத்தன் ரெடியா நிக்கிறான்."

"நீ என்ன சொல்லப் போற?"

"வேணாம்னுதான். பாஸ் கன்ஃபர்ம்னு சொல்லிட்டாருல்ல. பதினோரு வருஷமா கூட இருந்துட்டு இப்ப விட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும்." டீயை ஒரு வாய் குடித்தான். "சம்சாரம் சீதாலெட்சுமிதான் வீட்ல கத்துறா. உங்க வயசுக்கு இனிமே எவன் கூப்பிடுவான்னு கேக்குறா. அவளுக்கு என்ன தெரியும். நம்ம நாடகம் போகும்தானே அக்கா?"

அடுத்த டம்ளரில் டீயை ஊற்றினாள். "எனக்கென்ன தெரியும், நான் சோறாக்குறவ" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். திருஷ்டி சுற்றிப் போடுகிறவளே பொய் சொன்னது அவளுக்குச் சுட்டது.

பத்தரைக்கு இரசத்தில் உப்பை இரண்டு தடவை போட்டாள். மேலே தண்ணீர் ஊற்றிச் சமாளித்தாள். உள்ளே ஒத்திகைத் துப்பாக்கி ஒவ்வொரு முறை வெடித்தபோதும் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். கோபாலன் கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் வைத்த கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. கன்னையா ஏணியில் ஏறி விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்தாலும் பாவமாக இருந்தது. இருதலைக் கொள்ளி எறும்பு என்று சும்மாவா சொன்னார்கள்.

சொன்னால் என்ன ஆகும்? நாலு மணிக்குச் சேனல் சரி என்று சொல்லிவிட்டால், கூட்டத்தைக் கலைத்தவள் தான்தான். நடுத்தெருவில் நின்றவளுக்கு அடுப்பு கொடுத்த மனிதருக்குச் செய்த துரோகம் அது. சொல்லாவிட்டால்? நாலு மணிக்கு இல்லை என்று வந்தால், ஐம்பத்திரண்டு வயதில் கன்னையா வீதியில் நிற்பான். கோவிட் சமயத்தில் எட்டு மாதம் படப்பிடிப்பு இல்லாமல் அவன் கிராப் டாக்சி ஓட்டி இளைத்துப்போனதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். நாலு மணிக்கு வரப்போகிற பதிலுக்குப் பன்னிரண்டு மணிக்கே ஒருவன் பலியாவதா? அதை நினைத்தபோது அவளுக்குக் கோபாலன் மேல் கோபமே வந்தது.

சுவர்க் கடிகாரம் பதினொன்று நாற்பது காட்டியது. போலீஸ் நிலையக் கடிகாரம்தான், ஆனால் சரியாக ஓடும். விளக்கை மாற்றுவதற்காக இடைவேளை விட்டார்கள். கன்னையா கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தான்.

"கன்னையா" என்று கூப்பிட்டாள். "போன் அப்புறம் பேசலாம். வேன்ல அரிசி மூட்டைக்குப் பின்னால ஒரு சாக்கு இருக்கு. கொஞ்சம் எடுத்துட்டு வந்து குடு. எனக்குத் தூக்க முடியல."

"என்னக்கா அது?"

"போய்ப் பாரு."

அவன் போனான். அவள் கரண்டியைப் பிடித்தபடி வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேன் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மூடுகிற சத்தம் வெகு நேரம் கேட்கவில்லை. கடைசியில் அவன் சாக்கை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான். மேசைக்கு அடியில் மெதுவாக வைத்தான். அவள் முகத்தை ஒரு முறை பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், கைப்பேசியோடு வெளியே போனான். திரும்பி வந்ததும் ஏணியில் ஏறி, லாக்கப் வாசலுக்கு அதுவரை யாரும் வைக்காத அழகான வெளிச்சம் ஒன்றை வைத்தான்.

மத்தியானம் யாரும் சோற்றில் குறை சொல்லவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது. மூன்று மணிக்கு விமலன் கண் திறந்தார். மூன்றே முக்காலுக்குக் கண் திறக்காமல் கிடந்தார்.

நாலு மணி ஆயிற்று, போன் வரவில்லை. நாலு பத்துக்கு வந்தது. கோபாலன் பிண அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். வெளியே வந்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"பதிமூணு எபிசோட். அடுத்த மாசம் பத்தாம் தேதி பூஜை."

கிடங்கே அதிர்ந்தது. ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்தார்கள். கன்னையா மட்டும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கோபாலன் நேராக அவனிடம்தான் போனார்.

"என்னடா, சந்தோஷம் இல்லையா?"

"ரவாங்குக்கு வரேன்னு சொல்லிட்டேன் பாஸ். முதல் தேதிலேருந்து வேலை."

"நான்தான் கன்ஃபர்ம்னு சொன்னேனே. யாரு உன்னைக் கலைச்சது?"

"யாரும் ஒன்னும் சொல்லல பாஸ்."

அது பொய் இல்லை. தனலெட்சுமி அந்த உண்மைக்குப் பின்னால் ஒளிந்து நின்றிருக்கலாம். அவளுக்கு மனம் வரவில்லை. மேசைக்கு அடியிலிருந்து சாக்கை இழுத்து வெளியே வைத்தாள். "நான்தான் பாஸ். இதை எடுத்துட்டு வரச் சொன்னேன்."

சாக்கு வாயில் வெள்ளைத் தோல் தெரிந்தது. கட்டிப்பிடித்திருந்தவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். கன்ஃபர்ம் என்று கோபாலன் தங்களிடம் சொன்னது பொய் என்று அவர்களுக்கும் அப்போது புரிந்தது.

"பதினோரு வருஷம் தனம்" என்றார் கோபாலன். குரல் உயரவில்லை. "உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன்."

"உங்களுக்கு நாலு மணி பாஸ். அவனுக்குப் பன்னெண்டு மணி. இல்லன்னு வந்திருந்தா அவன்கிட்ட நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

பதில் இல்லாதவருக்குத்தான் கோபம் அதிகம் வரும். "அந்தக் காய எடுத்துட்டு வீட்டுக்குப் போ. பத்தாம் தேதிக்கு வேற ஆள் பாத்துக்கிறேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் அண்டாக்களை வேனில் ஏற்றினாள். கன்னையா மறுபக்கம் பிடித்துத் தூக்கினான். "நீங்க செஞ்சது சரிதான்க்கா" என்றான். ஆனால் அவன் கண் அவளைப் பார்க்கவில்லை, உள்ளே தொங்குகிற தன் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவனைக் கெடுத்துவிட்டோமோ என்று நினைத்துக்கொண்டே அவள் வேன் கதவைச் சாத்தினாள்.

வேனைக் கிளப்பும்போது விமலன் வாசலுக்கு வந்தார். சட்டை முழுக்கச் சாயரத்தம். "அக்கா, எனக்குச் சுத்திப் போடாமப் போறீங்களே. நான் இன்னைக்கு ரெண்டு தடவை விழுந்திருக்கேன். இப்படியே எப்படி வீட்டுக்குப் போவேன், பிள்ள குட்டிக்காரன்லா."

அவள் கோபாலனைப் பார்த்தாள். அவர் வாசலில் இருந்த டின்னை விட்டு விலகி நின்றார். அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டு இறங்கினாள். விமலன் கேமராவைப் பார்த்துச் சிரித்தார், துப்பினார். நூற்று அறுபத்து நாலு. டின்னில் உப்பு படபடவென்று வெடித்தது. கையில் இன்னும் ஒரு பிடி மிச்சம் இருந்தது.

"நீங்களும் உட்காருங்க பாஸ்" என்றாள்.

முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோபாலன் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் மூன்று முறை சுற்றினாள். அவர் குனிந்தபடியே, "லைட்டுக்கு இனிமே நான் எங்க போவேன்" என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"தெரியல பாஸ். துப்புங்க."

துப்பினார். அவள் உப்பைத் தீயில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வேனில் ஏறினாள்.

வெள்ளைப் பூசணி கெடாமல் மாதக்கணக்கில் இருக்கும். கிள்ளான் வீட்டுச் சமையலறை மூலையில் அது உட்கார்ந்திருந்தது. அதை உடைக்கவும் முடியவில்லை, வெட்டிச் சமைக்கவும் கை வரவில்லை. ஒவ்வொரு நாளும் அதைச் சுற்றித்தான் கூட்டினாள். கைப்பேசி அடிக்கும்போதெல்லாம் ஓடி வந்து பார்த்தாள். முதல் தேதி கன்னையா ஒரு படம் அனுப்பினான். மண்டபம் முழுக்க விளக்கு, அதற்குக் கீழே புதுச் சீருடையில் அவன். அவள் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவன் முகத்தில் குறை எதுவும் தெரியவில்லை. ஆனாலும் அவளுக்கு நிம்மதி வரவில்லை.

ஒன்பதாம் தேதி மத்தியானம் கோபாலனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. வணக்கம் இல்லை, நலம் விசாரிப்பு இல்லை.

"நாளைக்கு வரும்போது எலுமிச்சம்பழம் மட்டும் போதும்."

அதை நின்றுகொண்டே மூன்று தடவை படித்தாள். பிறகு அரிவாள்மணையை எடுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தப் பூசணிக்காயை வெட்டினாள்.