புரோட்டீன் டப்பாவும் என் வாயும்

விருத்தாசலத்தில் ஜிம் வைத்திருப்பவன் பாதி டாக்டர். இரும்பைத் தூக்கிக் காட்டினால் போதும், என்ன தின்பது என்று ஊரே நம்மைத்தான் கேட்கும். தெரியாது என்று சொல்ல நமக்கும் மனசு வராது. இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குப் புரியும்.

சர்க்கரை இல்லை

பீங்கான் கம்பெனியில் சூளை வேலை பார்க்கும் ஆரோக்கியசாமி அண்ணன் தொப்பையைக் குறைக்க வந்தார். வயது நாற்பத்தாறு. சோற்றை நிறுத்தச் சொன்னேன். காலையில் எட்டு முட்டை, மதியம் அரை கிலோ கோழி, இரண்டு வேளை புரோட்டீன் பவுடர்.

"சுகர் மாத்திரை போடுறேன், ஒத்துக்குமா?" என்றார். எனக்குத் தெரியாது. டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல சக்கரையே இல்லண்ணே" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நீ சொன்னா சரிதான் தம்பி."

மேரியக்கா வந்தது

மூன்று மாதத்தில் தொப்பை குறைந்தது. அவர் படத்தை வாசலில் பெரிதாக ஒட்டினேன். அதன் பிறகு ஒருநாள் அவர் மனைவி மேரியக்கா வந்தார். அண்ணனுக்குக் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லையாம், மூத்திரம் நுரைக்கிறதாம். பவுடரை நிறுத்தலாமா என்று கேட்டார். "நிறுத்தினா பழைய தொப்பை வந்துடும்க்கா, தண்ணி நிறைய குடிக்கச் சொல்லுங்க" என்றேன்.

அக்கா கிளம்பத் திரும்பினார். "சரிங்க தம்பி. எங்க வூட்டுக்காரரு நான் சொன்னா கேக்கமாட்டாரு, நீங்க சொன்னாத்தான் கேப்பாரு."

டாக்டர் கேட்டது

வீக்கம் முகத்துக்கும் வந்தபோது ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார் டாக்டர். சர்க்கரையால் கிட்னி முன்பே பழுதாகியிருக்கிறது, நல்ல கிட்னி தாங்குகிற புரோட்டீனை இது தாங்காது என்றார். பிறகு, "டெஸ்ட் பண்ணாம இவ்வளவு சாப்பிடச் சொன்னது யாரு?" என்றார்.

நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரும் சொல்லலீங்க சார். நானா போன்ல பாத்துத் தின்னேன்."

அண்ணன் சொன்னது

டயாலிசிஸ் வரை போகவில்லை. ஆனால் சூளைச் சூடு ஆகாது என்று அண்ணனைக் கம்பெனி கேட்டில் காவலுக்கு உட்காரவைத்துவிட்டார்கள். அவர் படத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். மேரியக்கா டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். "அன்னிக்கி டாக்டர்கிட்ட நான் வாயத் தொறந்திருக்கணும்ணே" என்றேன். எனக்குத் தலை நிமிரவில்லை.

அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "உன் பேரச் சொன்னா ஜிம்ம மூடிடுவாங்களோன்னு பயந்தேன் தம்பி. நீயே சொல்லுவேன்னு கொஞ்ச நேரம் பாத்தேன்."

இப்போதெல்லாம் யார் வந்தாலும் முதலில் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு வரச் சொல்கிறேன்; பாதிப் பேர் அடுத்த தெரு ஜிம்முக்குப் போய்விடுகிறார்கள், அங்கே எல்லாம் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறாராம்.