சல்லியில் முறைப்பாடு தேடியது

எங்கள் ட்ரோன் திட்டத்தில் என் வேலை பறக்கவிடுவது அல்ல, பறந்ததைப் பற்றி எழுதுவது. திரியாயில் உள்ள சிறிய மருத்துவ நிலையத்தில் எடுக்கும் இரத்த மாதிரிகளை ட்ரோன் கரையோரமாகத் திருகோணமலை நகருக்குக் கொண்டுவரும். பரீட்சார்த்தத் திட்டம் என்பதால் அரசாங்கம் மாதந்தோறும் அறிக்கை கேட்கும். எத்தனை தரம் பறந்தது, காற்று எப்படி இருந்தது, பற்றரியில் எவ்வளவு மிஞ்சியது, பறவைகள் குறுக்கே வந்தனவா, என்ன பறவை. பறவைக் கேள்விக்கு நான் பெரும்பாலும் ‘காகம்’ என்று எழுதுவேன். ஒருமுறை ‘பருந்து, கோபமாக இருந்தது’ என்று எழுதிவிட்டு, அனுப்புவதற்கு முன் கோபத்தை மட்டும் அழித்தேன்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. சந்தைக்குப் போனாலும், எந்தக் கடை முதலில் வருமோ அந்த ஒழுங்கில் மரக்கறிகளை எழுதிக்கொண்டு போகிறவள் நான்.

அறிக்கையின் கடைசிப் பகுதி பொதுமக்களின் குறைகள், முறைப்பாடுகள். பெயர், அடையாள அட்டை இலக்கம், முறைப்பாட்டின் தன்மை, எடுத்த நடவடிக்கை என்று கட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு மாதமும் அங்கே ‘எதுவும் இல்லை’ என்று எழுதி, கொஞ்சம் பெருமையோடுதான் அனுப்பினேன்.

ஒருநாள் அறிக்கைகளைப் பார்க்கும் அதிகாரி கொழும்பிலிருந்து அழைத்தார்.

“மிஸ், உங்கட அறிக்கை நல்ல வடிவா இருக்கு. அதுதான் பிரச்சினை.”

“விளங்கேல்ல, சேர்.”

“ஒவ்வொரு நாளும் ஒரு மெசின் சனத்தின்ட கூரைக்கு மேலால இரைஞ்சுகொண்டு போகுது. ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லயாம். ஒண்டில் அந்தச் சனத்துக்குக் காது கேக்காது, இல்லாட்டி நீங்கள் போய்க் கேக்கேல்ல.”

நான் போய்க் கேட்கவில்லை என்பது உண்மை. முறைப்பாடு என்றால் தானாக வரும் என்று நினைத்திருந்தேன். மக்களுக்கு நடுவே ட்ரோன் பறந்தால் என்ன நடக்கும் என்று அறியத்தான் இந்தப் பரீட்சார்த்தமே. அந்தக் கட்டத்தை விசாரிக்காமல் நிரப்பினால், மாத முடிவோடு முடியும் அனுமதியை நீடிக்கும்படி தன்னால் சொல்ல ஏலாது என்றார் அவர். மரியாதையாகத்தான் சொன்னார்.

அனுமதி போனால் எனக்கு வேறு வேலை கிடைக்கும். எங்கள் ட்ரோன் ஓட்டுநருக்கு அப்படியில்லை. அவர் நகருக்கு வடக்கே சல்லி என்ற கடலோரக் கிராமத்தில் பிறந்தவர். கலியாணம் முடித்துத் திரியாயில் பெண் வீட்டில் இருக்கிறார். ட்ரோனை அங்கிருந்துதான் கிளப்புவார். மனைவி முதற்குழந்தைக்குக் காத்திருந்தார். மச்சான் ஒருவர் கட்டாரிலிருந்து விசா தயார் என்று வாரந்தோறும் சொல்லிக்கொண்டிருந்தார்.

“அனுமதி முடிஞ்சா கட்டார்தான் தங்கச்சி,” என்றார் தொலைபேசியில். “அங்க ஒட்டகத்துக்கு மேலால பறக்கவிடலாம்.”

“அங்க உங்களுக்கு ட்ரோன் தரமாட்டினம் அண்ணா. லொறிதான் தருவினம்.”

“ஆறுதல் சொல்லுவீங்கள் எண்டு நினைச்சன்.”

துறைமுகத்துக்கு மேலே பறக்க எங்களுக்கு அனுமதியில்லை. அதனால் வடக்குக் கரையால் வரும் ட்ரோன் சல்லிக்கு மேலேதான் தாழத் தொடங்கும். சத்தம் கேட்கக்கூடிய கூரைகள் அங்கேதான் இருக்கின்றன. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சல்லிக்குப் போனேன்.

முதல் வீட்டில் ஒரு அம்மா கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

“முறைப்பாடோ? எங்களுக்கோ? சீ! அந்த வண்டு வந்தா காகமெல்லாம் ஓடுது, நல்லதுதானே.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அங்கால நீல கேற் வீட்டில கேளுங்கோ பிள்ளை. அவையின்ட குழந்தைதான் முழிச்சுக் கத்துதாம்.”

நீல கேற் வீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. “இதுவோ? இடி விழுந்தாலும் எழும்பாது. கடைக்கார அண்ணைதான் குறை சொன்னவர், கோழி முட்டை இடுறதில்லையாம்.”

“கோழியோ?” என்றார் கடைக்காரர். “என்னட்டக் கோழியே இல்லைத் தங்கச்சி. அது கோயிலடி அக்கான்ட கோழி.”

கோயிலடி அக்காவின் கோழிகள் குறையில்லாமல் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. எனக்கும் இரண்டு முட்டை தந்தார். “நான் ஒண்டும் சொல்லேல்ல. அந்தக் கருவாட்டுக்காரிதான் பைப்படியில நிண்டு கத்தினவ.”

வீடுகளை ஒழுங்காக எழுதி அம்புக்குறி போட்டுக்கொண்டு வந்தேன். அம்பு புறப்பட்ட வீட்டுக்கே திரும்பி வந்தது. ஊர் முழுக்க முறைப்பாடு இருந்தது. கொடுத்தவர்தான் எந்த வீட்டிலும் இல்லை. அடையாள அட்டை என்று நான் வாய் திறந்ததும் எல்லாருக்கும் அடுப்பில் வைத்த கறி ஞாபகம் வந்தது.

கடைசியில் கோயிலடி அக்காதான் என் ஸ்கூட்டி வரைக்கும் வந்து உண்மையைச் சொன்னார். “பிள்ளை, அது எங்கட பொடியன் ஓட்டுறது. நாங்கள் பேர் எழுதிக் குடுத்து அவன்ட பிழைப்பில மண் போடுறதோ?”

ஓட்டுநரின் தாயின் வீடு கடலுக்குக் கிட்ட இருந்தது. நான் என்ன காரியமாக வந்தேன் என்பது எனக்கு முன்பே அங்கு போய்ச் சேர்ந்திருந்தது.

“ஆரும் முறைப்பாடு குடுத்தவையோ?” என்றார் தாய்.

“இல்லை அன்ரி.”

“நல்ல சனம்,” என்று திருப்தியோடு சொன்னார்.

“அதாலதான் அன்ரி பிரச்சினை.” கொழும்பு அதிகாரி சொன்னதை விளக்கினேன். தாய் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அப்ப, ஒருத்தரும் குறை சொல்லாட்டித்தான் அவனுக்கு வேலை போகுமோ?”

“ஓம்.”

“இது என்ன கவுண்மேந்து?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். கை கழுவி, அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “எழுதுங்கோ பிள்ளை.”

பேருக்கு ஏதாவது சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“அந்த வண்டு என்ட தலைக்கு மேல வந்தோண்ண மெதுவாகும். அது போய்க் கொஞ்ச நேரத்தில ஃபோன் வரும். ‘அம்மா, வெயிலுக்க ஏன் நிண்டனீங்கள்? டொக்டர் தூக்கவேண்டாம் எண்ட கூடையை ஏன் தூக்கினனீங்கள்?’ ஒருநாள் சும்மா இருந்து வெத்திலை போட்டனான் பிள்ளை, அதுக்கும் ஃபோன்!”

என் பேனா நின்றுவிட்டது. ட்ரோனின் கமரா வழியையும் இறங்கும் இடத்தையும் பார்ப்பதற்கு மட்டும்தான். வீடுகளையோ ஆட்களையோ பார்ப்பது எங்களுக்குத் தந்த விதிகளில் முதலாவது தடை. நான் தேடி வந்தது எனக்குக் கிடைத்துவிட்டது. எங்கள் ஓட்டுநரை வீட்டுக்கு அனுப்பக்கூடியதும் அதுதான்.

“கலியாணம் முடிச்சுப் போனதில இருந்து ஆள் வாறது குறைவு,” என்றார் அவர். “கண் மட்டும் நேரத்துக்கு வருது. எழுதினீங்களோ?”

“அது முறைப்பாட்டுக்குள்ள வராது அன்ரி.”

“வரும். எழுதுங்கோ.”

தாளை இரண்டாகப் பிரித்தேன். இடப்பக்கம் ட்ரோனைப் பற்றியவை, வலப்பக்கம் மகனைப் பற்றியவை. வலப்பக்கம் முடிந்து பின்பக்கமும் போனது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் அடித்ததும் அதில் இருக்கிறது.

அன்று பின்னேரம் ஓட்டுநரை அழைத்தேன்.

“சும்மா ஒருக்கா ரெண்டு தரம்தான் பாத்தனான் தங்கச்சி.”

“அவ ஒவ்வொரு நாளும் எண்டு சொல்லுறா. கமரா திரும்பின பதிவும் அப்பிடித்தான் சொல்லுது.”

பின்னால் மாடு ஒன்று கத்தியது. “முதுகில ஒப்பரேசன் செய்த மனுசி. சொல்வழி கேக்கமாட்டா. இதை எழுதினா என்னை நிப்பாட்டிப்போடுவினம்.”

“எழுதாட்டித் திட்டத்தையே நிப்பாட்டுவினம்.”

அவர் யோசித்தார். “அப்ப, கொஞ்சம் வடிவா எழுதுங்கோ.”

நான் வடிவாக எழுதவில்லை, நடந்ததை எழுதினேன். கமரா குடியிருப்பாளர் ஒருவரின் முற்றத்தை நோக்கித் திரும்பியது. அதில் கண்டதை வைத்து, முதுகில் அறுவைச் சிகிச்சை செய்தும் கூடை தூக்குவதாக ஓட்டுநர் அவரைத் தொலைபேசியில் கண்டித்தார். நடவடிக்கை என்ற கட்டத்தில், ஊருக்கு மேலே கமரா திரும்பாதபடி பூட்டப்பட்டது, பாதை கடற்பக்கம் தள்ளப்பட்டது என்று எழுதினேன். இரண்டையும் எழுதுவதற்கு முன்பே செய்து முடித்திருந்தோம். அறிக்கை போனபின் ஓட்டுநர் மச்சானின் அழைப்புகளுக்கு உடனே பதில் சொல்லத் தொடங்கினார் என்று அவர் மனைவி எனக்குச் சொன்னார்.

கொழும்பு அதிகாரி அழைத்தபோது எழுந்து நின்று பேசினேன்.

“மிஸ், முறைப்பாடு செய்தவவும் ஓட்டுநரும் ஒரே விலாசத்தில பிறந்த ஆக்கள் போல கிடக்கு. என்ன உறவு?”

“தாய், சேர்.”

மறுமுனையில் இருமுவது போல ஒரு சத்தம் கேட்டது.

“அவவுக்கு இப்ப முதுகு எப்பிடி?”

“பரவாயில்லை, சேர். கூடை தூக்குறாவாம்.”

இதுவரை என்னிடமிருந்து வந்த அறிக்கைகளில் முதலாவது உண்மையான தரவு இதுதான் என்றார். ஓட்டுநருக்கு எழுத்தில் எச்சரிக்கை, அனுமதி நீடிப்புக்குப் பரிந்துரை. கூடவே ஒரு நிபந்தனை: ஓட்டுநர் முறைப்பாட்டாளரை நேரில் போய்ப் பார்த்து விளக்கவேண்டும், திருப்தி என்று முறைப்பாட்டாளர் கையெழுத்திடும் வரை ஒவ்வொரு மாதமும் அது அறிக்கையில் வரவேண்டும்.

அனுமதி வந்தது. கட்டார் மச்சானுக்கு நன்றி சொல்லி ஒரு குறுஞ்செய்தி போனது. அடுத்த மாதம் கையெழுத்து வாங்கச் சல்லிக்குப் போனேன். சனிக்கிழமை. ஓட்டுநர் முற்றத்தில் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி கதிரையில் காலை நீட்டி உட்கார்ந்து மாங்காய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“ஒவ்வொரு சனியும் விளக்க வருகினம்,” என்றார் தாய். “நல்லா விளக்குறான்.”

தாளை நீட்டினேன். “திருப்தி எண்டா இதில ஒரு கையெழுத்து, அன்ரி.”

அவர் பேனாவை வாங்கவில்லை. “போட்டா என்ன நடக்கும்?”

“முறைப்பாடு முடிஞ்சுபோகும்.”

“பிறகு இவன் விளக்க வரத் தேவையில்லை, என்ன?”

“அம்மா, நான் எப்பிடியும் வருவன்,” என்றார் ஓட்டுநர் முற்றத்திலிருந்து.

“நீ கதையாத. நான் ஒஃபிசோட கதைச்சுக்கொண்டிருக்கிறன்.” என் பக்கம் திரும்பினார். “பிள்ளை, இதைத் திறந்து வைச்சிருந்தா அவன்ட வேலைக்குப் பழுதோ?”

“இல்லை. நடவடிக்கை நடந்துகொண்டிருந்தாச் சரி.”

“அப்ப நடக்கட்டும்.”

அந்த மாத அறிக்கையில் இப்படி எழுதினேன்: நடவடிக்கை ஒழுங்காக நடைபெறுகிறது, முறைப்பாட்டாளர் இன்னும் திருப்தியடையவில்லை. கொழும்பிலிருந்து அதை யாரும் திருப்பி அனுப்பவில்லை.